சக்கரம் உருளாத இடம்

பாதை நீண்டுவிட்டது. ஆறு கிலோமீட்டர் என்று சொல்லித்தான் பெண்பிள்ளைகளை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் அதற்கு மேலேயே ஓடிவிட்டு வந்தார்கள். நடந்த தப்பு இவ்வளவுதான். அது தெரியாமல், தெரியாமல் என்றுகூடச் சொல்ல முடியாது, தெரியவிடாமல், பூமிநாதன் பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் இன்னும் வந்தபாடில்லை. அவர் வந்து பரிசு கொடுத்தால்தான் கூட்டம் கலையும். அதுவரை எழுந்து போகவும் வழியில்லை. டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. ஆடைமேல் ஒரு ஈ உட்கார்ந்து கால் தேய்த்தது. தேய்க்கட்டும். வலது தோள் வலித்தது. இரண்டு நாளாக இந்த வலி. எழுபதைத் தாண்டினவனுக்குத் தோள் வலிக்காமல் இறக்கையா முளைக்கும். நாற்காலியின் கையில் அளவுச் சக்கரம் சாய்ந்து நின்றது. ஒற்றைச் சக்கரம், நீளமான பிடி, நடுவில் எண் ஓடுகிற சின்னப் பெட்டி. உருட்டிக்கொண்டு நடந்தால் நடந்த தூரத்தைச் சொல்லும். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்குச் சால்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். வேறு ஆள் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். ஜில்லாவில் எங்கே கிராஸ் கண்ட்ரி ஓட்டம் நடந்தாலும் பாதை அளக்கக் கூப்பிடுவது அவரைத்தான். போட்டிச் செயலாளர் தவமணி காலையில்கூட மைக்கில் சொன்னான்: "சக்கரத்தார் அளந்துட்டார்னா எமனே வந்தாலும் ஒரு முழம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது." சனம் சிரித்தது. அவரும் உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்தார். இப்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஏன் நிற்கிறது. அந்தப் பிள்ளை பவதாரணி பதினோரு வினாடி பிந்திப்போனாள். அதுக்கு நான் என்ன செய்ய. முதலாவதாக வந்தாள், ரெண்டாவது பிள்ளை கண்ணுக்கெட்டாத தூரத்தில் வந்தது, எல்லாம் சரி. எல்லைநேரத்துக்குள் வரவில்லையே. வந்திருந்தால் விளையாட்டு விடுதியில் இடம். வரவில்லை, இடமில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கடிகாரப் பலகையைப் பார்த்தாள் அவள். விழவில்லை, அழவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. அதுதான் சரியில்லை. அழுதிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

இப்போது அவள் பள்ளிக்கூட வேனின் நிழலில் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். அவள் அம்மா பக்கத்தில். சற்று முன்னால் அந்த அம்மா இவரிடம் வந்தாள். செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள், ஏதோ கோயிலுக்குள் வருகிற மாதிரி. "ஐயா, கோவிச்சுக்கிராதீக. தூரம் சரியா இருக்குமாய்யா? பிள்ளை இதைவிடச் சுருக்கா ஓடுறவதேன். இன்னைக்கி என்னமோ ஓடஓட முடியவே மாட்டேங்குதுங்குறா." அவர் முகத்தைத் திருப்பாமலே, "தூரம் என்ன ரப்பரா, இழுத்தா நீளுறதுக்கு? ஓடலேன்னா ஓடலேன்னு ஒத்துக்கணும்மா" என்றார். "இல்லய்யா, இந்த வருசம் விட்டா வயசு தாண்டிருமாம். அவங்கப்பா மில்லுக்காரன்கிட்டச் சொல்லி வச்சிட்டாரு. வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவாக." அந்த அம்மா இன்னும் கொஞ்சம் நின்றாள். போய்விட்டாள். மில்லுக்குப் போகிற வேன் அவருக்குத் தெரியும். விடிகாலையில் ஊர் ஊராக நிற்கும். சன்னலில் பிள்ளைகளின் தலைகள் தூங்கித் தொங்கும். போனவள் பஞ்சுத்தூசி இருமலோடு திரும்பி வருவாள், கல்யாணத்துக்கு. மடியில் நெருப்பையா கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கு ஏன் வேர்க்கிறது. எல்லைநேரம் வைத்தது விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்கிற தேர்வு அதிகாரி. வைக்கமாட்டேன் என்றுதான் சொன்னார் அந்த ஆள், நல்ல மனுஷன், கண்ணாடிக்காரர். "கிராஸ் கண்ட்ரிக்கு நேரம் வைக்கக் கூடாதுங்க. ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு மண்ணு. யார் முன்னால வர்றாங்களோ அவங்களை எடுத்துக்குவோம்." அப்போது குறுக்கே விழுந்தது யார். "மத்தவன் பாதையில வைக்கக் கூடாது. என் பாதையில வைக்கலாம்." சொன்னது இந்த வாய்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவ்வளவு உறுதியா?" என்றார். "ஒரு சாண் பிசகினா என்னைக் கேளுங்க." வெற்றிலைபாக்கு மாற்றின மாதிரி பேச்சு முடிந்துபோனது. அந்த ஒரு பேச்சில்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. சே, ஈயை ஓட்டு. ஓட்டினார். மறுபடி வந்து உட்கார்ந்தது.

சரி, மனசுக்குள் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடுவோம். மூன்று சுற்றும் ஒரே பாதைதானே. ஒற்றைப்பனையில் தொடக்கம். பனையிலிருந்து கண்மாய்க் கரை ஏறும் வரை களிமண் தரை, இறுகின தரை, சக்கரம் வழுக்காது. கரைமேல் கூழாங்கல். கல்லில் சக்கரம் துள்ளும், துள்ளினால் கணக்குக் கூடும், அதனால் மெள்ள, பிள்ளையை நடத்திக் கூட்டிப்போகிற மாதிரி. மடை தாண்டி இடப்பக்கம் சிவப்புக் கொடி. வளைவில் உள்பக்கம் ஒட்டி உருட்ட வேண்டும், ஏனென்றால் ஓடுகிறவன் உள்பக்கம் ஒட்டித்தான் ஓடுவான், எவனும் தருமத்துக்கு வெளிப்பக்கம் ஓடமாட்டான். இதைப் படித்தவனெல்லாம் மறந்துவிடுகிறான். நடுப்பாதையில் உருட்டிவிட்டு ஆறு கிலோமீட்டர் என்கிறான். கருவேலங்காடு. முள். சக்கரத்தில் முள் குத்தாது, அது கெட்டி ரப்பர், காலில்தான் குத்தியது, பிடுங்கி எறிந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, முள்முனையில் ரத்தம். கருவேலங்காடு முடிகிற இடத்தில் வலப்பக்கம் மஞ்சள் கொடி. அப்புறம் ஆட்டுக்கிடை. கிடையில் ஒரு குட்டி சக்கரத்தைப் பார்த்து மிரண்டு ஓடியது. கிடை தாண்டி மணல். மணலில் சக்கரம் சறுக்கும், அழுத்திப் பிடிக்க வேண்டும். மணல் தாண்டிப் பனை. முடிந்தது. சரியாகத்தான் இருக்கிறது. புறப்படும் முன்னால் பள்ளி மைதானத்தில் இரும்பு டேப்போடு சக்கரத்தைச் சரிபார்த்தேன், அளந்து முடித்த பிறகும் பார்த்தேன், மயிரிழை வித்தியாசமில்லை. பிறகு எங்கே தப்பு. தப்பில்லை. அந்தப் பிள்ளை ராத்திரி சரியாகத் தின்றிருக்கமாட்டாள். அதுதான். ஆனால் கருவேலங்காட்டுக்கும் ஆட்டுக்கிடைக்கும் நடுவில் ஏதோ இருந்ததே. மறுபடி போ. பனை, கரை, மடை, காடு, முள், ரத்தம், மஞ்சள் கொடி, கிடை. குட்டி மிரண்டது. நடுவில் ஏதோ. சினிமாக் கொட்டகையில் ரீல் அறுந்து ஒட்டின மாதிரி ஒரு குதி. அந்த இடத்தில் கைக்கு ஞாபகமே இல்லை. மற்ற இடமெல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது, கல்லின் அதிர்ச்சி, மணலின் இழுப்பு. அங்கே மட்டும் உள்ளங்கை காலி. தோள் வலித்தது. தோளைத் தடவினார். சட்டைக்கு உள்ளே, தோள் எலும்பின் மேலே, கம்பி அழுந்தினாற்போல் ஒரு கோட்டில் வலி. வயசு வலி கோடு போட்ட மாதிரியா வலிக்கும்.

"சார்." ஜெசிந்தா. கான்வென்ட் பள்ளியின் விளையாட்டு டீச்சர். முந்தாநாள் பாதை அளந்தபோது அவருக்குப் பின்னாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு வந்தவள் அவள்தான். கால்சட்டையில் இன்னமும் சுண்ணாம்பு. அவரோடு பல வருஷம் போட்டிகளில் நின்றிருக்கிறாள், ஏம்மா என்பதைத் தவிர, பேர் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கும், அதுதான் அவளிடம் அவருக்குப் பிடிக்காதது. அன்றைக்கும் பனைமரத்தடியிலேயே கேட்டாள், ஏன் சார் வளைவுல உள்ளுக்குப் போறீங்க, ஏன் சார் கல்லுல மெதுவாப் போறீங்க. "கேள்வி கேக்காமக் கோட்டைப் போடும்மா" என்று ஒரே அதட்டு. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தாள். "ஒண்ணுமில்ல சார், ஒரு சந்தேகம். கருப்பர் கோயில் முன்னால சக்கரத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனீங்கல்ல? அந்தத் தூரத்தை அப்புறமாக் கூட்டிக்கிட்டீங்கல்ல?" கேலி இல்லை குரலில். குத்தல் இல்லை. கூட்டியிருப்பார் என்று நம்பிக் கேட்கிற குரல். அவர் வாய் தானாகச் சொன்னது. "கூட்டாமப் பின்னே?" அவ்வளவுதான். பெருமாள் கோயில் மணி மாதிரி கணீரென்று வந்தது பொய். ஜெசிந்தா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். போய்விட்டாள். அவள் போன பிறகு ஈ இருந்த இடத்தில் ஈ இல்லை. டீக்குள் கிடந்தது.

கருப்பர். ஆமாம், காட்டுக்கும் கிடைக்கும் நடுவில் கருப்பர். மண்குதிரை ஒரு பக்கம், மணிக்கம்பம் ஒரு பக்கம், நடுவில் வாசல். அந்த வாசலை எப்படி மறந்தேன். மறக்கவில்லை, மறந்த மாதிரி இருந்தேன். அந்த ஊர்ப்பக்கத்தில் யாரும் கருப்பர் முன்னால் வண்டியில் உட்கார்ந்து போகமாட்டார்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்பா அதற்கும் ஒரு படி மேல். குதிரையண்டை வந்ததும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வார். முன்கம்பியில் உட்கார்ந்திருந்த இவரை இறக்கிவிட்டு, பால் கேனை இவர் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மணிக்கம்பம் வரை நடப்பார். ஏம்ப்பா தூக்குறீக. "சாமிக்கு முன்னால சக்கரம் சுத்தக் கூடாதுடா." சுத்துனா? "சுத்துனா சுத்திப்போட்டுரும்." அது எப்படி என்று கேட்டால் அடி. அந்த அடியில்தான் இவருக்குச் சாமி கசந்தது. வாத்தியாராகி மாதச் சம்பளம் வாங்கின பிறகு திருநீறு கிடையாது, திருவிழா கிடையாது, கெடாவெட்டுச் சோறு கிடையாது. ஊர்க்காரன் எவன் குறி கேட்கப் போனாலும் வழிமறித்து நாலு வார்த்தை. தவமணி போன வருஷம் மொட்டை போட்டு வந்தபோது, "மண்டைக்குள்ள இருந்ததையும் சேத்துக் குடுத்துட்டியா?" என்று கேட்டவர். அப்பேர்ப்பட்டவன் குதிரைக்கு நேரே வந்ததும் சக்கரத்தை எடுத்துத் தோளில் வைத்தானே. யோசிக்கவே இல்லையே. தூக்கினதும் சக்கரம் நின்றது, எண் நின்றது, பெட்டிக்குள் நின்ற எண்ணைப் பார்க்கவும் இல்லை. மணிக்கம்பத்தில் இறக்கினார், மறுபடி உருட்டினார். நடுவில் நடந்த தூரம் யார் கணக்கிலும் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, மூன்று சுற்றுக்கு மூன்று தடவை. அளவில் விட்ட தூரத்துக்கு ஈடாகக் கடைசியில் பனைக்குப் பக்கத்தில் முடிவுக்கோட்டைத் தள்ளிவைத்துவிட்டது சக்கரம். அந்தப் பிள்ளை கால் அதை ஓடித்தான் தீர்த்தது. பதினோரு வினாடி என்ன, அதற்கு மேலேயே அந்த வாசலுக்குள் கிடக்கும். அள்ளிக்கொண்டு வந்து கொடுக்க முடியுமா. முடியும். எழுந்து போய் அந்தக் கண்ணாடிக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன வார்த்தை. தூக்கிக்கொண்டு போனேன். ஏன் தூக்கினீங்க? கட்டாயம் கேட்பார். மறதி என்று சொல்லலாம். மறதி என்றால் இன்னொரு பயம். மறதிதானா இது. போன மாதம் கேஸ் அடுப்பை அணைக்காமல் படுத்தது, பேரனை மகன் பேர் சொல்லிக் கூப்பிட்டது, அந்த வரிசையில் இதுவும் ஒன்றா. மூளை முன்வாசல் வழியாக வராமல் கொல்லை வழியாகக் கிளம்பிப் போகிறதா. இல்லை, பயமா. பயந்தவன் கும்பிட்டிருப்பான். கும்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு என்ன எழவு அது.

மங்கை. அவர் பெண்டாட்டி. அவளுடைய கடைசி ஆடிக்கு முந்தின ஆனியில் அது. ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்குப் பக்கத்தில் அவள் கை கறுத்து வீங்கிக் கிடந்தது. குழாயில் ரத்தம் போவதையும் வருவதையும் அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எவ்வளவு போகிறதோ அவ்வளவு வருகிறதா என்று மனசுக்குள் ஓர் அளவு. "கருப்பருக்கு ஒரு மணி வாங்கிக் கட்டிட்டு வாங்களேன்" என்றாள். "மணி கட்டினா கிட்னி வேலை செய்யுமா?" என்றார். அவள் சிரித்தாள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வரும். "எனக்காகவா சொன்னேன்? அங்க போயி நின்னா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும்." "பாக்க நீ அங்க வரணுமே." "வந்துட்டாப் போச்சு." வரவில்லை. அவரும் போகவில்லை. ஆடியில் எல்லாம் முடிந்தது. பிறகு எத்தனையோ போட்டிக்கு எத்தனையோ பாதை அளந்தார், இந்தப் பக்கம் மட்டும் வராமல் தப்பித்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை தவமணி இந்தக் கண்மாயைத்தான் பிடித்தான். குதிரைக்கு நேரே வந்தபோது காற்றில் மணிகள் ஆடின. நூறு பேர் கட்டின மணி, அதில் ஒன்றும் அவள் பேரில் இல்லை. அப்போதுதான் கை சக்கரத்தைத் தூக்கியிருக்க வேண்டும். அப்பாவின் தோளா, மங்கையின் சிரிப்பா, எது தூக்கியது. பார்த்திருப்பாளோ மூஞ்சியை. ச்சீ, கிழவா. செத்தவள் எங்கே பார்க்க. ஆனால் அந்தத் தூரம் முழுக்க அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. இந்தக் கதையையா கண்ணாடிக்காரரிடம் சொல்வது. தவமணி காதில் விழுந்தால் போதும். ஜில்லா முழுக்க மைக்கில் சொல்லுவான், மண்டைக்குள் இருந்ததைக் குடுத்துட்டாருங்க சக்கரத்தார். சொல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும். ஒன்றுமில்லை. ஒரு வேன் விடிகாலையில் நிற்கும். ஒரு தலை சன்னலில் தொங்கும். பஞ்சு. இருமல். உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் மில்லுக்குப் போகின்றன, அத்தனையும் என் சக்கரத்தாலா போகின்றன. இதுவும் ஒன்று. இது மட்டும் என் சக்கரத்தால். எழுந்திரு. முழங்கால் கேட்கவில்லை. முழங்கால் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது பார், அந்த நினைப்பைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். ரோட்டுப் பக்கம் ஹாரன். விருந்தினர் கார். மேளக்காரன் தட்ட ஆரம்பித்தான். பரிசு கொடுத்துவிட்டால் பிறகு எந்த முறையீடும் எடுபடாது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், தானாக முடிந்துவிடும். உட்கார்ந்திருந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா எங்கே. அவள் நாற்காலி காலி. வேனின் நிழலும் காலி. துப்பட்டா மட்டும் கிடந்தது.

மேளத்தைத் தாண்டி யாரோ, "நிறுத்துங்க, ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றார்கள். திரும்பினார். இரும்பு டேப்பின் ஒரு முனை ஜெசிந்தா கையில், மறுமுனை அந்தப் பிள்ளை பவதாரணி கையில். இரண்டு பேரும் ஓடி வந்திருக்கிறார்கள், இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை, முழங்கால் வரை புழுதி. ஜெசிந்தா மூச்சுவாங்கிக்கொண்டே தேர்வு அதிகாரியிடம் சொன்னாள். "குதிரையிலேர்ந்து மணிக்கம்பம் வரைக்கும் அளவுல விட்டுப்போச்சு சார். மூணு சுத்துலயும் விட்டுப்போச்சு. டேப் போட்டுப் பாத்துட்டோம். பாதை ஆறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு." அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "அப்ப எல்லைநேரமே செல்லாதும்மா. பாதை தப்புன்னா நேரமும் தப்பு. முதல்ல வந்தது யாரோ அவங்களுக்குத்தான் இடம்." பவதாரணி அம்மா என்ன ஏதென்று புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் மகள் முதுகில் பொத்தென்று ஒரு அடி வைத்தாள். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. தவமணி மைக்கோடு ஓடி வந்தான். "நல்லவேளை. சனத்துக்கிட்டச் சொல்லிறலாம். தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்துனது யாருன்னு சொல்லட்டும்?" ஜெசிந்தா பூமிநாதனைப் பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "சார்தான் சந்தேகப்பட்டுப் போயிப் பாக்கச் சொன்னாரு. சார் பேரையே சொல்லிருங்கண்ணே." தவமணி முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன். சக்கரத்தார்னா சக்கரத்தார்தான்."

வழி திறந்துவிட்டது. ஆமாம் என்றால் போதும். தலையாட்டினால்கூடப் போதும். வாய் 'கூட்டாமப் பின்னே'வுக்குத் தயாராக இருந்ததே, அதே மாதிரி இப்போதும் ஆமாவுக்குத் தயாராக இருந்தது, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது அந்த ஆமா. தோள் வலித்தது. கோடு போட்டாற்போல். எழுந்தார். இந்தத் தடவை முழங்கால் கேட்டது. "ஏய் தவமணி. நான் யாரையும் பாக்கச் சொல்லல. இந்த டீச்சர் பிள்ளை என்னை வந்து கேட்டா. கூட்டிட்டேன்னு பொய் சொன்னேன்." தவமணி மைக்கை இறக்கினான். "என்னண்ணே சொல்றீங்க?" "கருப்பர் முன்னால சக்கரத்தைத் தூக்கிக்கிட்டுப் போனது நான்தான்டா. தோள்ல தூக்கிக்கிட்டுப் போனேன். ஏன்னு கேக்காத." தவமணி வாயில் ஒரு கேலி வந்து நின்றது, கண்ணில் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தான். கேலியை விழுங்கிவிட்டான். அதிகாரி நாற்காலியில் சாய்ந்திருந்த சக்கரத்தை எடுத்து, மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொல்லி யாரிடமோ கொடுத்தார். பூமிநாதன் அவர் கையைத் தட்டிவிடவில்லை. இனி அதைக் கேட்டும் வாங்க முடியாது. தெரிந்துதான் நின்றார். "அப்ப யார் பேரைத்தேன் சொல்றது?" என்றான் தவமணி. பேர். இவ்வளவு வருஷத்தில் அந்தப் பேரை ஒருநாளும் சொன்னதில்லையே, வாய்க்குப் பழக்கமில்லையே. மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினார். அது கிறீச்சிட்டது. காற்றில் தூரத்தே மணிகள் ஆடுகிற மாதிரி இருந்தது, ஆடவில்லையோ என்னவோ. முழுப் பேரையும் சொன்னார்.

"மரிய ஜெசிந்தா."